வெஸ்ட்மின்ஸ்டரில் ஷரீஅத்தைச் சாட்சிக்கு அழைத்த எம்.பி.

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுதுவிட்டு வெளியே வருகிறோம். அந்தப் பெயருக்குரிய ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜாவின் கடன் கணக்கு 1785இல் லண்டன் பாராளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசப்பட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேசியவர் எட்மண்ட் பர்க். அயர்லாந்தில் பிறந்தவர். இந்திய மண்ணை ஒருநாளும் மிதித்ததில்லை. பாரசீகமோ உருதுவோ தமிழோ ஓரெழுத்தும் தெரியாது. கல்லூரிப் பாடப் புத்தகங்களில் அவர் பிரெஞ்சுப் புரட்சியை எதிர்த்து எழுதிய பழமைவாதி மட்டுமே. நானும் பி.ஏ. படித்தபோது அப்படித்தான் படித்தேன். தேர்வுக்கு அது போதுமானதாக இருந்தது. கடல் கடந்த ஒரு நாட்டில் தன் சொந்த இனத்தார் செய்த கொடுமைகளை விசாரிப்பதற்காக அவர் 14 ஆண்டுகளைச் செலவழித்தார் என்பதும், அந்த விசாரணையில் இஸ்லாமியச் சட்டத்தையே தன் பக்கத்துச் சாட்சியாக நிறுத்தினார் என்பதும் வெகு நாட்களுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

பர்க் 1729இல் டப்ளின் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர், அரசு அங்கீகரித்த புராட்டஸ்டன்ட் திருச்சபையைச் சேர்ந்தவர். தாய் கத்தோலிக்கர். அன்றைய அயர்லாந்தில் இது சாதாரண வேறுபாடு அல்ல. மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆனால் அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது, பாராளுமன்றத்தில் இடம் கிடையாது, அரசுப் பதவி கிடையாது, நிலம் வாங்கவும் தடை. தாயின் உறவினர்கள் சொந்த ஊரிலேயே உரிமையற்றவர்களாக வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவர். பள்ளிப்படிப்பு குவேக்கர் என்ற சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளியில். பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரி, அதன்பின் சட்டம் படிக்க லண்டன். சட்டப் படிப்பு ஒட்டவில்லை. எழுத்தாளராகி, 1765 இறுதியில் எம்.பி. ஆனார்.

இந்தியா விஷயத்தில் ஆரம்பத்தில் அவர் நின்ற இடம் நாம் எதிர்பார்க்கும் இடமல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகத்தில் அரசாங்கம் தலையிடக் கூடாது என்று வாதிட்டவர் அவர். 1773இல் கம்பெனிக்குக் கடிவாளம் போட ஒழுங்குமுறைச் சட்டம் வந்தபோது எதிர்த்தார். அவருடைய குடும்பத்தாரும் நெருங்கியவர்களும் கம்பெனிப் பங்குகளில் சூதாட்டம்போல் பணம் போட்டு, 1769 வீழ்ச்சியில் பெருங்கடனில் மூழ்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் பர்க். எட்மண்ட் அவரை உறவினராகவே நடத்தி வந்தார். இந்த வில்லியம்தான் கடனிலிருந்து மீள வழி தேடி 1777இல் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்.

அப்போது தஞ்சாவூர் கொதித்துக்கொண்டிருந்தது. 1773இல் கம்பெனிப் படையின் துணையுடன் ஆற்காட்டு நவாப் தஞ்சையைப் பிடித்தார். மராட்டிய அரசர் துளஜாஜி சிறைப்பட்டார். லண்டனிலிருந்து உத்தரவு வந்தபின், 1776இல் சென்னை கவர்னர் பிகட் பிரபு நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்ட் என்ற கம்பெனி ஊழியர் ஒரு கணக்குடன் வந்து நின்றார். நவாபுக்கும் தஞ்சைக் குடிகளுக்கும் தான் கடன் கொடுத்திருப்பதாகவும், அதற்குத் தஞ்சையின் விளைச்சல் தனக்கு அடமானம் என்றும் சொன்னார். தொகை 2,34,000 பவுன். வருடத்துக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கும் ஆளிடம் அவ்வளவு பணம் ஏது என்று கேட்கத்தான் வேண்டும். பிகட் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவுன்சில் உறுப்பினர்களே 1776 ஆகஸ்டில் அவரைக் கைது செய்தார்கள். மறு ஆண்டு மே மாதம் காவலிலேயே இறந்துபோனார். லண்டன் ஆவணங்களைச் சுமந்துகொண்டு வில்லியம் பர்க் சென்னை வந்தபோது அதை வாங்கிக்கொள்ள பிகட் இல்லை. வில்லியம் தஞ்சை அரசரின் முகவராக ஆனார்.

ஆக, தஞ்சைக்கு ஆதரவாகவும் நவாபின் கடன்காரர்களுக்கு எதிராகவும் எட்மண்ட் பர்க் பேசியதில் வீட்டு நலனும் கலந்திருந்தது. அவருடைய எதிரிகள் இதை அன்றே சொல்லிக் காட்டினார்கள். மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தொடக்கத்திலிருந்து அவர் போய்ச் சேர்ந்த இடம் வேறு.

1781இல் வங்காள நீதி நிர்வாகம் பற்றி விசாரிக்க பாராளுமன்றம் ஒரு தேர்வுக்குழு அமைத்தது. அதன் உயிர்நாடி பர்க். இரண்டரை ஆண்டுகளில் அக்குழு 11 அறிக்கைகள் கொடுத்தது. 1783இல் வந்த ஒன்பதாவதும் பதினொன்றாவதும் அவர் கைப்பட எழுதியவை. போகாத ஊரை அவர் எப்படி விசாரித்தார்? கம்பெனியின் ஒரு பழக்கம் அவருக்குக் கைகொடுத்தது. கவுன்சிலில் எடுத்த ஒவ்வொரு முடிவையும், யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்பதையும் எழுதி லண்டனுக்கு அனுப்பியாக வேண்டும் என்பது கம்பெனி விதி. வியாபாரிகளின் கணக்கெழுதும் புத்தியிலிருந்து வந்த விதி அது. அந்தக் கட்டுகளை பர்க் ஒவ்வொன்றாகப் பிரித்தார். எந்தத் தேதியில் கடிதம் இருக்க வேண்டும், ஏன் இல்லை என்று பார்த்தார். திரும்பி வந்த அதிகாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார். எந்தப் பொருளை விலை கொடுக்காமல் கம்பெனி கொண்டுபோகிறது, வங்காளத்தின் வரிப்பணமே எப்படி முதலீடாக மாறி சரக்காகக் கப்பலேறுகிறது என்பதை ஒன்பதாவது அறிக்கை கணக்குப்போட்டுக் காட்டியது.

அதே 1781இல் மராட்டியத் தலைவர் ரகுநாத ராவின் தூதராக ஒரு பிராமணரும் அவருடன் இரண்டு பார்சிகளும் லண்டன் வந்திருந்தார்கள். அந்நிய ஊரில் தங்கள் ஆசாரப்படி சமைக்க வழியின்றித் தவித்தார்கள். பர்க் அவர்களைத் தன் பீக்கன்ஸ்ஃபீல்டு வீட்டுக்கு அழைத்துப்போய், தோட்டத்திலிருந்த கண்ணாடிச் செடிவீட்டை ஒழித்துக் கொடுத்தார். அங்கே அவர்கள் சமைத்துக்கொண்டார்கள், வழிபட்டுக்கொண்டார்கள். சிறிய விஷயம்தான். ஆனால் இந்தியர்களைப் பற்றிப் பேசிய எத்தனையோ எம்.பி.க்களில் ஓர் இந்தியரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

1783 நவம்பரில் கம்பெனி அதிகாரத்தைப் பாராளுமன்றத்தின் கீழ் கொண்டுவரும் மசோதாவை ஃபாக்ஸ் கொண்டுவந்தார். அதன் பின்னணியில் உழைத்தவர் பர்க். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் குறுக்கிட்டு பிரபுக்கள் சபையில் அதைத் தோற்கடித்தார். அமைச்சரவையே வீட்டுக்குப் போனது. புதிய பிரதமர் இளைய பிட் கொண்டுவந்த 1784ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஆற்காட்டுக் கடன்களின் உண்மையை விசாரிக்க வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஆனால் சட்டத்தின் மை காயும் முன்பே, கட்டுப்பாட்டு வாரியத்தில் இருந்த ஹென்றி டண்டாஸ் எந்த விசாரணையும் இல்லாமல் எல்லாக் கடனையும் ஒப்புக்கொண்டார். கர்நாடக நாட்டு வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், கடன்காரர்களுக்கு ஒதுக்கப்பட்டது.

இதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28 அன்று பர்க் எழுந்தார். நவாப் நாணயமாகக் கடன் வாங்கியிருந்தால் பணம் எங்கே வந்தது, எதற்குச் செலவானது, கடன் பத்திரம் எங்கே, ஊழியர்களிடம் அவ்வளவு முதல் ஏது என்று கேட்டுக்கொண்டே போனார். அந்த வட்டியைக் கட்டுவது நவாப் அல்ல, நெல் விளைவிப்பவன் என்றார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் சூறையாடப்பட்ட பூமியிலிருந்து மறுபடியும் வசூலிக்கப் போகிறீர்களா என்று கேட்டார். அந்தப் பேச்சில் நம் ஊர் ஏரிகள் வருகின்றன. கர்நாடக நாட்டில் பெரிதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரம் ஏரிகளுக்குக் குறையாது என்றும், அவற்றை வெட்டிவைத்த பழைய அரசர்கள் தங்கள் ஆயுளுக்குப் பிறகும் மக்களைக் காக்க நினைத்தவர்கள் என்றும் அவர் சொன்னார். கம்பெனிக் கடன்காரர்களுக்கு ஏரிக்கரை உடைந்தால் என்ன, அடுத்த தவணை வந்தால் போதும். இதை லண்டனில் உட்கார்ந்து புரிந்துகொண்ட மனிதர் அவர். வாக்கெடுப்பில் தோற்றார். அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

அந்த ஆண்டு ஜூனில் வங்காளத்தின் முன்னாள் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்து திரும்பினார். பர்க் அவர்மீது குற்றச்சாட்டுகளைக் கொண்டுவரப்போவதாக உடனே அறிவித்தார்.

இந்த இடத்தில் மத்ரஸாவில் ஓதியவனுக்கு ஒரு தடுமாற்றம் வரும். ஹேஸ்டிங்ஸ் நம் இல்முக்கு எதிரி அல்ல. பாரசீகம் அறிந்தவர். கல்கத்தா முஸ்லிம்கள் கேட்டுக்கொண்டபடி அங்கே மத்ரஸாவைத் தொடங்கியவர். முதலில் தன் கைப்பணத்தைப் போட்டவர். நாங்கள் ஓதிய ஹனஃபி ஃபிக்ஹு நூலான ஹிதாயாவை மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தவரும் அவரே. சார்லஸ் ஹாமில்டனின் ஆங்கில ஹிதாயா 1791இல் வெளிவந்தபோது ஹேஸ்டிங்ஸுக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டது. அப்போது அவர் குற்றவாளிக் கூண்டில் இருந்தார். ஹிதாயாவில் காழியின் ஒழுக்கம் பற்றிய பாடம் உண்டு. நெருங்கிய உறவினரிடமிருந்தும், பதவிக்கு முன்பே கொடுத்துப் பழகியவரிடமிருந்தும் தவிர வேறு யாரிடமும் காழி அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று அங்கே வருகிறது. எங்கள் உஸ்தாத் அந்தப் பாடத்தை அவசரமாகத் தாண்டவே மாட்டார். முர்ஷிதாபாத் முன்னி பேகத்திடம் விருந்துச் செலவு என்ற பெயரில் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கியது ஹேஸ்டிங்ஸ்மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. கிதாபை மொழிபெயர்க்கச் செய்தவர் அந்தப் பக்கத்தை என்ன நினைத்துக் கடந்தாரோ.

குற்றச்சாட்டுகளில் கனமானது அவத் பேகம்களின் விவகாரம். நவாப் ஷுஜாவுத் தௌலா 1775இல் மவுத்தானார். அவருடைய மனைவி பஹூ பேகமும், தாயார் பேகமும் ஃபைஸாபாத்தில் பெருஞ்செல்வத்துடன் வாழ்ந்தார்கள். மகன் ஆஸஃபுத் தௌலா கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போனது. ஒரு தொகையை மகனுக்குக் கொடுத்துவிட்டால் மீதிச் சொத்தைத் தொடமாட்டோம் என்று பஹூ பேகத்துக்குக் கம்பெனியே உறுதி எழுதிக் கொடுத்திருந்தது. 1781இல் ஹேஸ்டிங்ஸ் அந்த உறுதியை விலக்கிக்கொண்டார். 1782 ஜனவரியில் படை ஃபைஸாபாத்தைச் சூழ்ந்தது. பேகம்களின் காரியஸ்தர்களான ஜவாஹிர் அலி கானும் பஹார் அலி கானும் சிறையில் அடைக்கப்பட்டு, விலங்கு பூட்டப்பட்டு, உணவு மறுக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஓராண்டு இது நடந்தது. 50 லட்சத்துக்கும் மேல் பணம் பெயர்ந்தது. மறைந்த நவாபின் அந்தப்புரத்துப் பெண்கள், பர்தாவைத் தாண்டாதவர்கள், பசியால் அலறினார்கள்.

ஹேஸ்டிங்ஸ் தரப்பு இதற்கு ஷரீஅத்தையே கேடயமாக்கியது. பேகம்கள் சொல்லும் உயில் யார் கண்ணிலும் படவில்லை. இஸ்லாமியச் சட்டப்படி கடன் போக மீதியில் மகனுக்கே பெரும்பங்கு என்றார்கள். பராயிள் கணக்கு தெரிந்தவர்கள் இதை முழுப்பொய் என்று தள்ள முடியாது. பிள்ளை இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்றுதான். பங்கீட்டுக்கு முன் கடன் அடைபட வேண்டும் என்பதும் சரி. ஆனால் அந்தப் பங்கைப் பிரிப்பது காழியின் வேலை. காரியஸ்தனின் காலில் விலங்கு பூட்டி, பட்டினி போட்டுப் பங்கு பிரிக்கும் மஸ்அலா எந்த கிதாபிலும் இல்லை. எழுதிக் கொடுத்த உடன்படிக்கையை முறிப்பது வேறு தனிக் குற்றம். பர்க்குக்கு எட்டில் ஒன்றின் நுணுக்கம் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது.

1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. அரச குடும்பத்தினர், பிரபுக்கள், சீமாட்டிகள் என்று இடமில்லாமல் நெரிசல். பர்க் தொடக்க உரையை நான்கு நாட்கள் நிகழ்த்தினார். ஆசியாவில் அரசனின் விருப்பமே சட்டம், அங்கே ஆளப் போனவனை இங்கிலாந்தின் அளவுகோலால் அளக்கலாகாது என்ற வாதத்தை ஹேஸ்டிங்ஸ் ஏற்கெனவே வைத்திருந்தார். பர்க் அதை இரண்டு பக்கமாகத் தாக்கினார். முதலாவது, ஊருக்கு ஊர் நீதி மாறாது. லஞ்சமும் கொள்ளையும் கப்பலேறியதும் வேறு பெயர் பெற்றுவிடாது. இரண்டாவதுதான் அந்த மண்டபம் எதிர்பாராதது. முஸ்லிம்களின் ஆட்சி தான்தோன்றி ஆட்சி என்பதே பொய் என்றார். குர்ஆனையும், தைமூரின் பெயரால் வழங்கும் அரசியல் விதிகளையும் காட்டினார். இஸ்லாமியச் சட்டம் முடி சூடியவன் முதல் கடைசிக் குடிமகன் வரை எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. அதை விளக்க அறிஞர்கள் இருக்கிறார்கள். அதைமீறி வரிவசூலிக்கவோ சொத்தைப் பறிக்கவோ சுல்தானுக்கே உரிமையில்லை என்று விளக்கினார். ஹேஸ்டிங்ஸ் இங்கிலாந்துச் சட்டத்தில் நின்றாலும் குற்றவாளி, முஸ்லிம் சட்டத்தில் நின்றாலும் குற்றவாளி என்பதே வாதம்.

தைமூரை நீதிக்குச் சான்றாகக் கூப்பிடுவதைக் கேட்டால் டெல்லிக்காரர்கள் சிரிப்பார்கள். பர்க் படித்ததெல்லாம் ஐரோப்பியர் வழியாக வந்த இரண்டாம் கைச் சரக்கு. விவரங்களில் பிசகுகள் உண்டு. ஆனால் கீழ்த்திசை என்றாலே கொடுங்கோன்மை என்று ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கிறிஸ்தவ எம்.பி. இங்கிலாந்தின் உச்ச சபை முன்னால் ஷரீஅத்தை ஆட்சியாளனுக்குக் கடிவாளம் என்று எடுத்துக்காட்டினார். உறவினருக்கும் உங்களுக்குமே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லுங்கள் என்ற கருத்துடைய அந்நிஸா அத்தியாயத்தின் 135வது வசனத்தை நாம் எவ்வளவோ பயான்களில் ஓதியிருக்கிறோம்.

அவர் தவறாத மனிதர் அல்ல. மூன்றாம் நாள் ரங்பூர் விவசாயிகள்மீது வரிவசூல் குத்தகைக்காரர் தேவி சிங்கின் ஆட்கள் நடத்திய சித்திரவதைகளை விவரித்தார். கேட்ட சீமாட்டிகள் சிலர் மயங்கி விழுந்தார்கள். பர்க்கே உடல் நொந்து பேச முடியாமல் போனதால் சபை கலைந்தது. ஆனால் அந்த விவரங்கள் ஓர் அதிகாரியின் அறிக்கையிலிருந்து வந்தவை. அதில் மிகை உண்டென்று பிறகு சொல்லப்பட்டது. கொடுமைக்கும் ஹேஸ்டிங்ஸுக்கும் நேரடித் தொடர்பை அவர் நிறுவவில்லை. தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் பிலிப் பிரான்சிஸ். கல்கத்தாவில் ஹேஸ்டிங்ஸோடு துப்பாக்கிச் சண்டை போட்டு காயம்பட்டவர். பகையாளியின் சாட்சியை எவ்வளவு நம்புவது என்பது எந்தச் சட்டத்திலும் கேள்விதான். ஹேஸ்டிங்ஸ்மீது லஞ்சப் புகார் சொன்ன நந்தகுமார் 1775இல் போலிப் பத்திர வழக்கில் தூக்கிலிடப்பட்டதை, ஹேஸ்டிங்ஸ் செய்த கொலை என்று பர்க் மண்டபத்தில் சொன்னார். அந்தக் குற்றச்சாட்டுக்கு மக்கள் சபை அனுமதி தந்திருக்கவில்லை. 1789 மேயில் அவருடைய சபையே அவரைக் கண்டித்தது. நிதானமாகப் பேசியிருந்தால் கூடுதலாகச் சாதித்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

விசாரணை இழுத்துக்கொண்டே போனது. ஏழு ஆண்டுகளில் கூடியது 150 நாட்களுக்கும் குறைவு. சாதாரண நீதிமன்றச் சாட்சிய விதிகளையே பின்பற்ற வேண்டும் என்று பிரபுக்கள் முடிவு செய்தார்கள். ஆறு மாதக் கடல் பயணத்துக்கு அப்பால் நடந்த குற்றத்துக்கு லண்டன் திருட்டு வழக்கின் சாட்சியம் கேட்டால் எங்கே போவது? இதைக் கண்டித்து 1794இல் பர்க் நீண்ட அறிக்கையே எழுதினார். இடையில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. நெருங்கிய தோழர் ஃபாக்ஸோடு நட்பு முறிந்தது. மண்டபத்துக் கூட்டம் கரைந்தது. 1794 கோடையில் ஒன்பது நாட்கள் நிறைவுரை நிகழ்த்திவிட்டு எம்.பி. பதவியை விட்டு விலகினார். தன் இடத்துக்கு வரவேண்டிய ஒரே மகன் ரிச்சர்ட் அந்த ஆகஸ்டிலேயே இறந்தார்.

1795 ஏப்ரல் 23 அன்று தீர்ப்பு. வாக்களிக்க வந்த பிரபுக்கள் 29 பேர். எல்லாக் குற்றச்சாட்டுகளிலும் ஹேஸ்டிங்ஸ் விடுதலை. கம்பெனி அவருக்கு ஆண்டுக்கு 4,000 பவுன் உதவித்தொகை கொடுத்தது. 1813இல் இந்திய விவகாரம் பற்றிச் சாட்சி சொல்ல அவர் மக்கள் சபைக்கு வந்தபோது உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றி எழுந்து நின்றார்கள்.

பர்க் 1797 ஜூலை 9 அன்று பீக்கன்ஸ்ஃபீல்டில் காலமானார். அந்த ஊர்த் தேவாலயத்திலேயே மகனுக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். இறப்பதற்கு ஓராண்டு முன், வழக்கில் துணைநின்ற வழக்கறிஞர் பிரெஞ்ச் லாரன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். தான் செய்த மற்றவை எல்லாம் மறக்கப்பட்டாலும் சரி, இந்த வழக்கின் வரலாறு எழுதப்பட வேண்டும் என்று அதில் கேட்டுக்கொண்டார். லாரன்ஸ் அதை எழுதி முடிக்கவில்லை.

நவாப் முஹம்மது அலி வாலாஜா, ஹேஸ்டிங்ஸ் விடுதலையான அதே 1795இல் அக்டோபரில் மவுத்தானார். திருச்சி நத்தர்வலி தர்காவில் அவருடைய கபர் இருக்கிறது. 1801இல் கர்நாடக நாட்டைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது. டண்டாஸ் விசாரிக்காமல் ஒப்புக்கொண்ட கடன்கள் வட்டியோடு கொடுத்துத் தீர்க்கப்பட்டன. அதற்குள் புதுக் கடன்காரர்கள் முளைத்திருந்தார்கள். அவர்கள் கேட்ட தொகை 3 கோடி பவுனுக்கும் மேல். இம்முறை 1805இல் ஓர் ஆணையம் அமைத்து ஒவ்வொரு பத்திரமாகச் சரிபார்த்தார்கள். 20 ஆண்டுகளுக்கும் மேல் அந்த வேலை நடந்தது. கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாகத் தேறவில்லை. பால் பென்ஃபீல்ட் 1810இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.